அண்ணாச்சி பதில்கள்: டயாலிசிஸ் பையும் தொட்டில் கொக்கியும்

வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்கள் படும் பாட்டைப் பற்றிப் போன மாதம் போகிறபோக்கில் ரெண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரம் முழுக்க. தெரியாதவர்களுக்கு: சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு, வயிற்றில் வைத்த குழாய் வழியே பையிலிருக்கிற திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, கழிவோடு வடித்துவிட்டுப் புதுத் திரவம் விடுவதுதான் இந்தப் பை மாற்றுகிற வேலை. என் அக்கா பாளையங்கோட்டை வீட்டில் நாலு வருஷம் இந்தப் பைகளோடு இருந்தவள். சாமான் வாங்கிப் போட்டவன் நான், ஏமாந்தவனும் நான்தான். மருந்து அளவு கேட்டவர்கள் உங்கள் டாக்டரிடம் போங்கள். காசும் சாமானும் மட்டும் என் பாடு.

கே: ஆலங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். நாளைக்கு நாலு தடவை பை மாற்றுகிறேன், சாயங்கால யாவாரம் கெடுகிறது. ராத்திரி தூங்கும்போதே மாற்றிவிடும் மெஷின் இருக்கிறது என்று ஒரு விற்பனைப் பையன் முன்பணம் கேட்கிறான். கட்டலாமா அண்ணாச்சி?

இப்போது கட்டாதீர்கள். மெஷின் மோசம் என்று சொல்லவில்லை. ராத்திரி எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஓடும், பகல் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும். ஆனால் எல்லார் வயிறும் ஒன்றில்லை. வயிற்றுச் சவ்வு கழிவை எவ்வளவு வேகமாகத் திரவத்துக்குத் தள்ளுகிறது என்று பார்க்க ‘பெட்’ என்றொரு சோதனை உண்டு, நாலு மணி நேரம் பிடிக்கும். வேகமான சவ்வுக்கு மெஷினின் குட்டிக் குட்டிச் சுற்றுகள் ஒத்துவரும். மெதுவான சவ்வுக்குத் திரவம் நேரங்கூடி ஊற வேண்டும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்காமல் முன்பணம் கேட்கிறவன், அளவெடுக்காமல் துணி வெட்டுகிற தையல்காரன்.

மெஷின் விலையை மட்டும் சொல்லியிருப்பான். ஒவ்வொரு ராத்திரிக்கும் புதுக் குழாய் செட் வேண்டும், அது மாதம் எவ்வளவு? ரிப்பேர் என்றால் ஆள் மதுரையிலிருந்து வரவேண்டுமா? அதுவரை மாற்று மெஷின் தருவார்களா? வாடகைக்கு உண்டா? பதிலை வாயால் வாங்காமல் தாளில் வாங்குங்கள். மெஷின் வந்த பிறகும் கையால் மாற்றுகிற பழக்கத்தை விடாதீர்கள். கரண்டு போகிற ராத்திரிக்கு அதுதான் துணை.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு காரியம். கடை திறப்பு, மத்தியானச் சாப்பாடு, சாயங்காலக் கூட்டம், கடை அடைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் மணி போட்டு எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். ‘பள்ளிக்கூடம் விட்டபிறகு ரெண்டு மணி நேரம் என்னால் முடியாது’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாற்றும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்த அவரே வழி சொல்வார். ஒரு பையை அடியோடு விடுவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று: கடையின் பின்கட்டில் வற்றல் மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கதவு சாத்தி, ஃபேனை நிறுத்தி, மேசையைத் துடைத்து, முகக்கவசம் கட்டி, கையை நன்றாகக் கழுவ ஓர் இடம் வேண்டும். குழாய் வழியே கிருமி ஏறினால் வயிற்று வலி, கலங்கின திரவம், ஆஸ்பத்திரி. சாயங்கால யாவாரத்தைவிட அது பெரிய நஷ்டம்.

கே: பை தொங்கவிட ஸ்டாண்ட் எது நல்லது? (அம்பாசமுத்திரம்)

நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வாங்கினேன், பளபளவென்று. ரெண்டாம் வாரமே ஒரு சக்கரம் கழன்று, பையோடு அக்கா மேல் சாய்ந்தது. அப்புறம் உத்தரத்தில் அவள் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டின கொக்கி கண்ணில் பட்டது. அதில் சங்கிலி போட்டு, சங்கிலி முனையில் ‘எஸ்’ கொக்கி. நாலு வருஷமும் அதுதான். புதுப் பை தோளுக்கு மேலே, வடிகிற பை தரையில், அவ்வளவுதான் கணக்கு. வடிந்ததை எடை பார்க்க மீன்காரர்கள் வைத்திருக்கிற கொக்கித் தராசு போதும். ஆள் எடை பார்க்கிற மெஷினைச் சமமான தரையில் வையுங்கள். என்னுடையது மொசைக்கில் ஒரு எடை, சிமெண்ட் தரையில் ஒரு எடை காட்டியது. அதைத் திருப்பிக் கொடுக்கப்போன கதை கீழே.

கே: ராத்திரிக்கு மட்டும் என் வீட்டுக்காரருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸுக்குப் பதில் ஒருவகை மாவுச்சத்து கலந்த டயாலிசிஸ் திரவம்) பை. ஆன்லைனில் வாங்கின சர்க்கரை மீட்டர் 280 காட்டுகிறது, லேபில் 150. மீட்டர் பழுதா? (வள்ளியூர்)

தாயி, மீட்டர் பழுதில்லை, ஸ்ட்ரிப் பொருந்தவில்லை. அந்தத் திரவம் உடம்பில் மால்டோஸ் என்கிற வேறொரு சர்க்கரையாக உடைகிறது. சில ஸ்ட்ரிப்புகளுக்கு மால்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உள்ளே சர்க்கரை மளமளவென்று இறங்கும், மீட்டரோ ‘அதிகம், அதிகம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரிப் டப்பாவில் இருக்கிற பொடி எழுத்துத் தாளில் மால்டோஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். ‘ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ.’ (GDH-PQQ) என்று போட்டிருந்தால் அது இப்படிக் குழம்புகிற ரகம், கிட்டேயே வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் ஸ்ட்ரிப் டப்பாவைக் காட்டுங்கள், அதுவரை லேப் கணக்கு. ‘டயாலிசிஸ்காரர்களுக்கு உகந்தது’ என்று விற்றவன் வாட்ஸாப்பில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள், அது சாட்சி.

கே: ஒரு பெட்டியில் ரெண்டு பை ஒழுகியது. கடைக்காரர் பில்லைக் காட்டி ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்கிறார். (சங்கரன்கோவில்)

வந்தீர்களா வழிக்கு. இந்த ஒரு வரியோடு எனக்கு முப்பது வருஷப் பகை.

எவனோ ஒருவன் அச்சடித்தான், இன்றைக்கு ஜவுளிக்கடை முதல் மருந்துக்கடை வரை எல்லா பில்லிலும் அடிவரியாக நிற்கிறது. கோயில் கல்வெட்டு மாதிரி விரல் வைத்துக் காட்டுவார்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக் காசைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். பில் கொடுக்காமல் விற்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. கலர் பிடிக்கவில்லை என்று சேலையைத் திருப்புவது வேறு, ஒழுகுகிற பையைத் திருப்புவது வேறு. என் எடை மெஷினுக்கு இதே வரியைக் காட்டினார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போது நானே அதை நம்பினேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒழுகின பைகளைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி தெரியப் படம் எடுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கெடு ரெண்டு வருஷம். இனிமேல் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் அமுக்கிப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கே: பாதி விலை என்று மூணு மாதப் பை வாங்கிவிட்டேன். எக்ஸ்பயரி அடுத்த மாதம். பில் இல்லை. என்ன செய்யலாம்?

தக்காளி வாங்கினால்கூட அமுக்கிப் பார்ப்பீர்களே ஐயா! தேதி முடிந்ததை உடம்புக்குள் விடாதீர்கள். பில்லில்லாமல் சண்டை போட என்னைக் கூப்பிடாதீர்கள். ஜி-பே ரசீதாவது இருந்தால் எழுதுங்கள், பார்ப்போம்.

கே: குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. வயிற்றுக் குழாய்க்கு ‘வாட்டர் புரூஃப் பெல்ட்’ வாங்கிக் கட்டிக்கொண்டு அருவியில் நிற்கலாமா?

கூடாது. சாரலில் நில்லுங்கள், பெல்ட் காசுக்குப் பிரானூர் பார்டரில் புரோட்டா வாங்கி வீட்டாருக்குக் கொடுங்கள்.

கே: பையைச் சூடாக்க வெந்நீரில் போடலாமா? (களக்காடு)

வேண்டாம். ஈரம் குழாய் முனைக்குப் போனால் கிருமியும் கூடப் போகும். அதற்கென்று இருக்கிற உலர்சூட்டுப் பை வாங்குங்கள். மைக்ரோவேவும் வேண்டாம்.

கே: எவ்வளவு இருப்பு வைக்கலாம்? எங்கள் வீடு ஆற்றங்கரை. (சேரன்மகாதேவி)

நாளைக்கு நாலு, ஒவ்வொன்றும் ரெண்டு லிட்டர் என்றால் மாதம் 240 லிட்டர். அம்பது கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் கிட்டத்தட்ட அஞ்சு மூட்டை. தகரக் கூரைக்கடியில் அடுக்காதீர்கள், வெயில் காந்தும். தரையிலும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை தாண்டி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் கால் முட்டளவு தண்ணீர். கட்டிலில் ஏற்றி வைத்த பெட்டிகள்தான் அக்காவுக்கு அந்த வாரத்தைக் கடத்தின. கரண்டு இல்லாமலும் கையால் மாற்ற முடிந்தது. பத்து நாள் இருப்பு எப்போதும் உயரத்தில் இருக்கட்டும், குழாய் முனையை அடைக்கிற மூடிகளும் சேர்த்து. பை இருந்து மூடி இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

கே: வீட்டுக்காரர் பனையேறி, இப்போது முடியவில்லை. நகையை வைத்துப் பை வாங்குகிறோம். (திசையன்விளை)

அம்மா, முதலில் நகையை மீட்கிற வழியைப் பார்ப்போம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே வயிற்று டயாலிசிஸ் பை வீட்டுக்குக் கொடுப்பதும் அதில் உண்டு. டாக்டர் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். ‘தெரியாது’ என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி சிறுநீரகப் பிரிவில் கேளுங்கள். அங்கேயும் அலையவிட்டால் எனக்கு எழுதுங்கள், கூட நானே வருகிறேன்.

கே: காலி பைகளையும் பெட்டிகளையும் பழைய பேப்பர்காரருக்குப் போடலாமா?

அட்டைப்பெட்டியை மட்டும். தராசில் வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.