ராட்டை, நூல், தோல் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கத்தில் அரை ஏக்கர் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி போட்டிருக்கிறோம். வீட்டுக்கு வேண்டிய துண்டுகளையாவது சொந்தப் பஞ்சில் நெய்துகொள்ள ஆசை. அம்பர் ராட்டைதான் வேகமாக நூற்கும் என்று விற்பவர் வற்புறுத்துகிறார். அதை வாங்கலாமா? கூடவே ஒரு தறியும் வாங்கிவிடலாமா?

பதில்: சொந்தப் பஞ்சில் நூற்பதுதான் நோக்கம் என்றால், அம்பர் ராட்டை உங்களுக்கு ஏற்றதன்று. ஏகாம்பரநாதன் என்ற தமிழர் உருவாக்கியதால் அவர் பெயரின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கும் அந்தக் கருவி, ஒரே கைப்பிடியில் பல கதிர்களை, அதாவது நூலை முறுக்கிச் சுற்றும் கம்பிகளைச் சுழற்றுவதால் கூலிக்கு நூற்பவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று விற்கப்படும் அம்பர் ராட்டையின் உருளைகளுக்குள் செல்ல வேண்டியது, இயந்திரத்தில் சீராக இழுத்துச் சுற்றப்பட்ட ராவிங் என்னும் பஞ்சுத் திரி. வீட்டில் கொட்டை நீக்கி வில்லடித்த பஞ்சை அதில் அப்படியே கொடுக்க முடியாது. வயலில் பருத்தி வெடித்து நிற்கும்போதே நூற்பதற்கு வெளியிலிருந்து ராவிங் வாங்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

உங்களுக்கு ஏற்றது, பெட்டிபோல் மடித்து வைக்கும் பெட்டி ராட்டை. அதற்கு விரல் பருமனில் உருட்டிய பஞ்சுத் திரி போதும். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கருங்கண்ணியின் இழை குட்டையானது என்பதால் ஆலைகள் அதை விரும்புவதில்லை. ஆயினும், இழையைக் கை உணர்ந்து இழுக்கும் நூற்பில் அது நன்றாகவே ஒத்துழைக்கும். மெல்லிய வேட்டி நூலுக்கு முயலாமல் சற்றுத் தடித்த நூலாக நூற்றால் துண்டுக்கு மிகவும் பொருந்தும். முதலில் ஒரு தக்ளி, அதாவது கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிர், வாங்கி ஒரு மாதம் பழகுங்கள். ராட்டையின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே இல்லை. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதையும் அது காட்டிவிடும்.

பிறகு பெட்டி ராட்டை வாங்கப் போகும்போது, மரத்தின் பளபளப்பைப் பார்க்காமல் கதிரைப் பாருங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது கதிரின் முனை ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். வட்டமிட்டு ஆடினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதைப் புதிதாகப் பழகுபவர் தன் கையின் குறை என்று எண்ணிச் சோர்ந்துபோவார். மாற்றுக் கதிரும், சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிறும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

தறியை இப்போது வாங்க வேண்டாம். 75 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள ஒரு துண்டுக்கு, சென்டிமீட்டருக்கு 12 இழை என்று கொண்டால், பாவும் (நீளவாட்டு இழை) ஊடையுமாகச் (குறுக்கு இழை) சேர்ந்து ஏறத்தாழ 3,000 மீட்டர், அதாவது 1000 மீட்டர் கொண்ட சிட்டம் மூன்று வேண்டும். மணிக்கு 300 மீட்டர் நூற்றாலும் பத்து மணி நேரம் ஆகும். 20-ஆம் நம்பர் நூலானால் (நம்பர் கூடக்கூட நூல் மெல்லியதாகும்) அதற்குரிய பஞ்சு சுமார் 90 கிராம்தான். ஆகவே உங்களுக்குத் தட்டுப்பாடு பஞ்சில் வராது, நேரத்தில்தான் வரும். சில துண்டுகளுக்கான நூல் சேர்ந்தபின், பக்கத்து ஊர் நெசவாளர் ஒருவரிடம் கூலிக்கு நெய்யக் கொடுங்கள். புதிதாக நூற்றவரின் நூல் பாவில் இழுவை தாங்காது என்பதால், பாவுக்கு ஆலை நூலும் ஊடைக்கு உங்கள் நூலும் வைத்துத் தொடங்குவது நல்லது. அப்படி நெய்ததை வீட்டில் மகிழ்ச்சியோடு பயன்படுத்தலாம். கதர் என்று சொல்லி விற்கக்கூடாது. கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்த துணியே கதர் என்று 1956-ஆம் ஆண்டின் கதர் கிராமத் தொழில் ஆணையச் சட்டம் வரையறுத்திருக்கிறது.

கேள்வி: இணையத்தில் 20-ஆம் நம்பர் நூல் என்று சிட்டங்கள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 1000 மீட்டர் என்றார்கள். கணக்குச் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: சமையலறைத் தராசு போதும். 590 என்ற எண்ணை நூலின் நம்பரால் வகுத்தால் 1000 மீட்டரின் எடை கிராமில் கிடைக்கும். 20-ஆம் நம்பருக்கு அது 29.5 கிராம். பத்துச் சிட்டங்களைச் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். 295 கிராமுக்கு மிகவும் குறைந்தால் நீளம் குறைவு அல்லது நூல் சொன்னதைவிட மெல்லியது, மிகவும் கூடினால் நூல் தடித்தது. பருத்திதானா என்ற ஐயம் இருந்தால் ஒரு சிறு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

கேள்வி: செருப்புக்கும் மாட்டுக் கழுத்து வாருக்கும் வேண்டி, ஆவாரம் பட்டையில் பதனிட்டது என்ற விளம்பரத்தை நம்பி இணையச் சந்தை ஒன்றில் தோல் வாங்கினேன். வெட்டினால் உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிகிறது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: கேட்க வேண்டும். பட்டையில் பதனிட்ட தோலைப் புதிதாக வெட்டினால் விளிம்பு முழுவதும் பழுப்பாக இருக்கும். நீலச் சாம்பல் நிறம் குரோமியத்தில் பதனிட்டதற்கு வழக்கமான அடையாளம். உறுதி செய்ய ஒரு சிறு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் இடுங்கள். பட்டைத் தோல் சுருங்கி விறைக்கும். குரோமியத் தோல் பெரிதும் மாறாது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டது பெருமைக்குரிய மரபு; ஆனால் பின்னாளில் வாட்டில் மரப்பட்டை பெருமளவு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனவே இனி வாங்கும்போது எந்தப் பட்டை என்று எழுத்தில் கேளுங்கள். வாருக்கு விலங்கின் முதுகுப் பகுதித் தோலையே கேளுங்கள். வயிற்றுப் பகுதி இழுபட்டு நீண்டுவிடும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவதால், தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் விலையை ஒப்பிட முடியாது.

மீதித் தோலை வெட்டாமல் வையுங்கள். விளம்பரப் பக்கத்தையும் வெட்டிய விளிம்பையும் படமெடுத்து, அந்தச் சந்தையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. தோலின் மாதிரித் துண்டையும் விலைச்சீட்டையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.