பார்மசிஸ்ட் மாத்திரையை மாற்றலாமா?

கேள்வி: என் கணவருக்கு டாக்டர் எழுதிய பிரஷர் மாத்திரைக்குப் பதில் பார்மசியில் வேறு பெட்டியைக் கொடுக்கிறார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து கேட்டால், பெயர் விவரமெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். இது சரிதானா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சரிதான் அக்கா, பயப்பட வேண்டாம். பெட்டிதான் வேறு, உள்ளே இருப்பது அதே மருந்து. விலை குறைந்த ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனி செய்து விற்பது) இருந்தால் அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் 1965 மருந்துச் சட்டமே பார்மசிஸ்டைக் கட்டாயப்படுத்துகிறது. உங்களுக்கு வேண்டாம் என்றால் மறுக்கலாம், டாக்டர் தன் கையால் 'மாற்றக்கூடாது' என்று சீட்டில் எழுதியிருந்தால் அப்போதும் மாற்ற முடியாது. ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினால் அது தப்பு, அங்கேயே நின்று கேளுங்கள்.

இருமல் மருந்து விஷயம் வேறு. இங்கே மருந்துகளை 0 முதல் 8 வரை ஷெட்யூல், அதாவது கட்டுப்பாட்டு வகை, பிரித்திருக்கிறார்கள். கோடீன் குறைந்த அளவில் உள்ள மருந்து ஷெட்யூல் 2, சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட் தரலாம், ஆனால் யாருக்குக் கொடுத்தார் என்று பதிய வேண்டும். கோடீன் பழக்கமாகிவிடும், எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அதில் சிக்கியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பதிவைத் தொல்லையாக நினைக்காதீர்கள். ஷெட்யூல் 3-லிருந்து பொதுவாகச் சீட்டு வேண்டும்.

நாலு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, அப்புறம் ஒரு வருடச் சமூகசேவை முடித்தவர் பார்மசிஸ்ட். பிரிட்டோரியாவில் உள்ள பார்மசி கவுன்சிலில் பதிவில்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் கவுன்சிலில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், புகாரும் அங்கேதான்.