எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வருடங்களாக எனக்காக மட்டும் வாட்டர்கலரில் எதையாவது வரைந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் ஈரம் காயாத நீல வர்ணத்தின் மேல் விளையாட்டாகக் கொஞ்சம் உப்பைத் தூவினேன். முதல் இரண்டு தாளிலும் உப்பு கரைந்துபோய் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தாளில் உப்பு விழுந்த இடமெல்லாம் வெளிறிப் பூப்பூவாக விரிந்தது. ராத்திரி ஒரு மணி வரை அதையே செய்துகொண்டிருந்தேன். மறுநாள் நண்பரிடம் சொன்னால், “இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, யூடியூபில் ஆயிரம் வீடியோ கிடக்கிறது” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். இந்த மாதிரி சின்ன விஷயங்களை அடுத்தவரிடம் சொல்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். வாட்டர்கலர் பழகுகிறவர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் உப்பைத் தூவிப் பார்த்திருப்பார்கள். ஆனால் நீங்கள் அவரிடம் செய்தி சொல்லப் போகவில்லையே. ராத்திரி ஒரு மணி வரை உங்களைத் தூங்கவிடாத ஒன்றைச் சொல்லப் போனீர்கள், அவர் அதைச் செய்தியாக வாங்கிக்கொண்டு பழைய செய்தி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் கோபப்படவும் வேண்டாம், பாதிப் பேர் வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் ‘தெரியுமே’ என்கிறார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மர நிழலை வரையும்போதெல்லாம் எங்கேயோ இடிக்கும். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன, அதனால் தரையில் விழும் வெளிச்சத்தையும் கோணல்மாணலாகவே போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் உச்சி வெயிலில் தாளை விட்டுவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தால், அத்தனை வெளிச்சப் பொட்டுகளும் வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு சந்தும் ஊசித்துளைக் கேமரா (லென்ஸ் இல்லாமல் சின்னத் துளை வழியாகவே உருவத்தை விழவைக்கும் பெட்டி) மாதிரி வேலை செய்து சூரியனின் உருவத்தையே தரையில் போட்டுக் காட்டுகிறது (பகுதி சூரிய கிரகணம் நடக்கும்போது மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள், எல்லாப் பொட்டும் பிறையாகியிருக்கும்). துள்ளிக் குதித்துக்கொண்டு ஒருவரிடம் போய்ச் சொன்னேன். கிரேக்கர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதைக் கவனித்து, ஏன் இப்படி என்று கேட்டு எழுதியும் வைத்துவிட்டார்கள் என்றார். இரண்டாயிரம் வருடம் லேட்! ஒரு வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் நான் வரைந்த நிழல்கள் இடிக்கவில்லை.

புதிதா பழையதா என்று பார்த்தால் இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் ஒன்றுமே செய்திருக்க முடியாது. சயனோடைப் என்கிற நீல அச்சு முறையை 1842-ல் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். அடுத்த வருடமே அட்கின்ஸ், ரசாயனம் பூசிய தாளில் கடற்பாசியை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி, நீலத்துக்கு நடுவே வெள்ளையாக அதன் உருவம் எழும்புவதைப் பகுதி பகுதியாகப் புத்தகமாக்கித் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அதையே பத்து வருடம் செய்தார். புகைப்படங்களைக் கொண்டு வந்த முதல் புத்தகம் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஓவியர் வான்கோ 1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் தன் படுக்கையறைப் படத்தைச் சின்னதாகக் கிறுக்கிக் காட்டி, சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு என்று ஒவ்வொன்றாக வர்ணம் சொல்லிக்கொண்டே போகிறார். இன்றைக்கு அந்தப் படத்தில் சுவர் நீலம். ஊதாவுக்குள் இருந்த சிவப்பு காலப்போக்கில் வெளிறிவிட்டது. சுவர் என்ன நிறத்தில் இருந்தது என்று அவர் வாயாலேயே நமக்குத் தெரிவது, தம்பியிடம் அப்படி உட்கார்ந்து சொன்னதால்தான்.

சரி, எப்படிச் சொல்வது? உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, முதல் இரண்டு தாளும் வீணாய்ப் போனது. ‘உப்பு போட்டால் பூ வரும்’ என்பதைத்தான் ஆயிரம் வீடியோவில் சொல்கிறார்கள். தண்ணீர் நின்றால் உப்பு கரைந்துவிடும், காய்ந்துவிட்டால் உப்புக்கு இழுக்க ஒன்றும் இருக்காது, தாளின் மினுமினுப்பு அடங்க ஆரம்பிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தூவ வேண்டும் என்பது இரண்டு தாளைக் கெடுத்தவர் சொன்னால்தான் மண்டையில் ஏறும். அதையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டாம், கேட்ட கையோடு எழுந்துபோய் உப்பு டப்பாவைத் தேடுகிற ஆள் ஒருவர் போதும். இன்னொன்று, அந்த ராத்திரியே ஃபோட்டோ எடுத்துப் போடாமல் இருந்தீர்களே, நல்லது. போட்டிருந்தால் நான்காவது தாள் வந்திருக்காது, லைக் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

கடிதம் வந்த அன்றே நானும் உட்கார்ந்துவிட்டேன். தூள் உப்புக்குப் பொடிப்பொடியாக வருகிறது, கல்லுப்புக்குப் பெரிய பூவாக விரிகிறது. ஒரு தாளில் பொறுமையில்லாமல் காய்வதற்கு முன்பே உப்பைத் தட்டிவிடப் போய், கை பட்டு எல்லாம் இழுவிவிட்டது. நீங்கள் எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள்? நீலம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்த நீலம்?