தை தோறும் திருப்பி வைக்கப்படும் இருபத்து நான்கு பவுன்

கேள்வி: நானும் என் கணவரும் 2023 தை மாதத்தில் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை வாங்கி, படுக்கையும் அடுப்பும் அமைத்து, மகன் (13), மகள் (9) இருவருடனும் நாடு முழுவதும் சுற்றியபடியே அவர்களுக்கு நாங்களே பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். கணவர் இணையதளங்கள் வடிவமைக்கிறார். நான் இணையவழியில் கணிதம் கற்பிக்கிறேன். மாத வருமானம் சராசரியாக 85,000 ரூபாய். செலவு போக 5,000 மிஞ்சினால் அதிகம். பேருந்துக்காக என்னுடைய 24 பவுன் நகையை அடகு வைத்து 6.5 லட்சம் வாங்கினோம். ஆண்டுதோறும் பொங்கலுக்குத் திருப்பூரில் என் அண்ணன் வீட்டுக்கு வரும்போது மீட்டுத் திருப்பி வைத்துவிடுவோம். அதற்கான பணத்தை அண்ணன் ஒரு நாள் கைமாற்றாகத் தருவார். கடன் இப்போது 10 லட்சம், வட்டியோடு கட்ட வேண்டியது 11 லட்சம். பவுன் விலை ஏறியிருப்பதால் இம்முறை 15 லட்சம் வரை தருவதாகச் சொல்கிறார்கள். மிஞ்சும் 4 லட்சத்தைக் குழந்தைகள் பெயரில் என்.பி.எஸ். வாத்சல்யா ஓய்வூதியத் திட்டத்தில் போடுவதா, மியூச்சுவல் ஃபண்டில் போடுவதா? பள்ளிக்கு அனுப்பவில்லையே என்ற பயம் எங்களை அரிக்கிறது. — ஒரு வாசகி

பதில்: அவசரகால நிதி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கணக்குப் பாடம் எடுப்பவர் நீங்கள். ஆனால் எந்தத் திட்டத்தில் போடுவது என்று கேட்டிருக்கும் நீங்கள், போடப்போகும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மிஞ்சும் 4 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மிஞ்சும் பணமல்ல, புதிதாக வாங்கும் கடன்.

நீங்கள் இணைத்து அனுப்பிய அடகுச் சீட்டுகளின் நகல்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2023இல் 6.5 லட்சம். 2024 தையில் வட்டி 65,000 சேர்ந்து 7.15 லட்சமானதை 8 லட்சத்துக்குத் திருப்பி வைத்தீர்கள். கைக்கு வந்தது 85,000. 2025இல் 8.8 லட்சமானதை 10 லட்சமாக்கினீர்கள்; கைக்கு வந்தது 1.2 லட்சம். இந்தத் தையில் கட்ட வேண்டியது 11 லட்சம். ஆக, மூன்று ஆண்டுகளில் நீங்கள் கையில் வாங்கியது 8.55 லட்சம், வட்டியாக ஏறியது 2.45 லட்சம், அசலில் குறைந்தது ஒரு ரூபாய்கூட இல்லை. பேருந்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்க, அதற்காக வாங்கிய கடன் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இது உங்கள் கண்ணில் படாமல் போனதற்குப் பவுன் விலையே காரணம். 2023 தொடக்கத்தில் ஏறக்குறைய 42,000 ரூபாயாக இருந்த பவுன் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்பதால், அடகு பிடிப்பவர் ஒவ்வொரு தையிலும் முகம் மலர்ந்து கூடுதல் தொகையை எண்ணி வைக்கிறார், நீங்களும் அதை வருமானம் போல வாங்கிக்கொள்கிறீர்கள். விலை ஓராண்டு அசையாமல் நின்றாலே இந்த வண்டி நின்றுவிடும். இறங்கினால், வித்தியாசத்தைக் கட்டச் சொல்லியோ நகையை ஏலத்தில் விடுவதாகவோ வரும் அறிவிப்பு, நீங்கள் ஸ்பிதியிலோ கட்ச்சிலோ இருக்கும்போது திருப்பூர் முகவரிக்கு வந்து கிடக்கும்.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த குறிப்பையும் கவனித்தேன்: அண்ணன் அந்த ஒரு நாள் கைமாற்றுக்கு வட்டி கேட்பதில்லை, ஆனால் கடந்த இரண்டு முறையும் அன்று மாலையே தலா 40,000 ரூபாய் "அவசரத்துக்கு" வாங்கிக்கொண்டார், அது திரும்பவில்லை. ஒரு நாள் கைமாற்றுக்கு 40,000 கொடுப்பதை எந்த வட்டிக்கடைக்காரரும் கனவில்கூடக் கேட்கத் துணியமாட்டார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் முன்னால் மறுக்க முடியாத நிலையில் ஆண்டுக்கொரு முறை போய் நிற்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வர வேண்டிய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, முடிவில் மொத்தமாகக் கட்டும் நகைக் கடனைப் புதுப்பிக்க, சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும் என்பதால், கைமாற்றின் தேவை இனி கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே இந்தத் தையில் 15 லட்சம் வாங்க வேண்டாம். கட்ட வேண்டிய 11 லட்சத்துக்கு 17 பவுனை மட்டும் வையுங்கள். மதிப்பில் 75 விழுக்காடு என்ற வரம்புக்குள் அடுத்த ஆண்டு வட்டியையும் சேர்த்தே அது அடங்கும். ஒரே சீட்டாக வைக்காமல் மூன்று சீட்டாகப் பிரித்து வைத்தால், பின்னர் ஒவ்வொன்றாக மீட்கலாம். வெளியே வரும் ஏழு பவுனை விற்றுவிடுங்கள். மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் மூன்று ஆண்டுகளாக நீங்கள் அணியாத நகை அது. கழிவு போகப் பவுனுக்கு 92,000 கிடைத்தால் ஏறக்குறைய 6.4 லட்சம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நகை என்பதால் ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி உண்டு. அதற்காக 65,000 ஒதுக்கிவிட்டு 5.75 லட்சத்தை அன்றே கடனில் கட்டுங்கள். மீதி 5.25 லட்சத்தை மாதத் தவணைக் கடனாக மாற்றிக் கேளுங்கள். பத்து விழுக்காட்டில் நான்கு ஆண்டுகளுக்குத் தவணை 13,300 ரூபாய் அளவில் வரும், ஒவ்வொரு தவணையிலும் அசல் குறையும்.

அந்த 13,300 எங்கிருந்து வரும்? டீசலிலிருந்து. சென்ற ஆண்டு 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்றால் 3,000 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் வீதம் 2.76 லட்சம், அதாவது மாதம் 23,000. தூரத்தைப் பாதியாக்கினால் மாதம் 11,500 மிச்சம். சுங்கச் சாவடிச் செலவும் குறையும். (ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸ் கார், ஜீப், வேன்களுக்குத்தான், உங்கள் பேருந்துக்குக் கிடைக்காது.) ஏற்கெனவே மிஞ்சும் 5,000ஐயும் சேர்த்தால் தவணை கட்டியும் மூவாயிரம் கையில் இருக்கும். ஹம்பியை மூன்று நாளில் பார்த்துவிட்டு பாதாமிக்கு ஓடுவதைவிட, அங்கே ஒரு மாதம் பேருந்தை நிறுத்திப் பாடம் நடத்துவது பிள்ளைகளுக்கும் கெடுதலாக இருக்காது.

எப்படியும் நிற்க வேண்டிய காலம் நெருங்குகிறது. மகனுக்கு 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம்; பொதுத் தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது, அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வுக்குக் கல்வி மையத்தில் இருந்தாக வேண்டும், பதிவு ஐந்தாண்டு செல்லும். கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடியும். அதற்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் சேமிக்க வேண்டியதில்லை. பெரிய செலவு ஐந்தாண்டு கழித்து வரும் கல்லூரி. அதற்குள் நகைக் கடன் முடிந்திருந்தால், அதே 13,300 கல்லூரிக்குப் போகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாத்சல்யா 2024 செப்டம்பரில் அறிமுகமானதிலிருந்து, பெற்றோரின் குற்ற உணர்வைக் குறி வைத்தே அதைப் பலர் விற்கிறார்கள் என்பது என் எரிச்சல். பதினெட்டு வயது வரை பெரும்பகுதியைத் தொட முடியாத ஓய்வூதியக் கணக்கில், பத்து விழுக்காடு வட்டிக்கு வாங்கிய பணத்தைப் போடுவதற்கு நியாயமே இல்லை. மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே பதில்தான்: கட்ட வேண்டிய வட்டி உறுதி, வரப்போகும் லாபம் உறுதியில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கினால்தான் உண்டு. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும்; கடன் முடிந்தபின் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். மகளின் பிறந்தநாள் மாசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் முடிந்து பேருந்தை எடுப்பதற்கு முன், அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு திருப்பூர் அஞ்சலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.