நம்ம கல்லூரி, நம்ம வில்லங்கம்

கேள்வி: ஆசிரியர் ஐயா, தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு இருபது வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளைக்கு நான்தான் செயலாளர். விக்கிப்பீடியாவில் நம்ம கல்லூரியைப் பற்றிய கட்டுரையில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். ஒரு மணி நேரத்தில் அதை அழித்துவிட்டு, 'நலமுரண்', அதாவது எழுதியவருக்கே இதில் சொந்த அக்கறை இருக்கிறது என்று, அறிவிப்பும் போட்டுவிட்டார்கள். அங்கே படித்தவனைவிட அந்தக் கல்லூரியைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்? இது நியாயமா?
(பெயர் வெளியிட வேண்டாம்), செங்காங்

பதில்: 'நம்ம கல்லூரி' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே படித்ததில்லை. அதன் வாசல் வழியாகப் பேருந்தில் போனதுகூட இல்லை. எனக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் ஒரே சொல்லில் என்னையும் உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டீர்கள். 'எங்கள் கல்லூரி' என்றால் நான் வெளியே நிற்கலாம். 'நம்ம கல்லூரி' என்றால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று, இனி எழுந்து போனால் மரியாதை இல்லை. ஆங்கிலக்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான், பாவம். தேக்காவில் 'நம்ம கடைதான், வாங்க' என்று கூப்பிடுகிறவர் பில்லில் ஐந்து காசு குறைத்ததில்லை என்பது வேறு கதை.

சரி, அந்தச் சின்னத் திருத்தம் என்னவென்று போய்ப் பார்த்தேன். கல்லூரியின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' என்று ஒரு பக்கம் உண்டு. யார் எப்போது எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பதெல்லாம் அங்கே அப்படியே கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரவு பதினொன்றரை மணிக்கு, 'சிறு தொகுப்பு' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, நாலு பத்தி சேர்த்திருக்கிறீர்கள். முதல் வரியில் 'புகழ்பெற்ற'. அடுத்த வரியில் 'தலைசிறந்த'. தாளாளர் 'கல்விக்கண் திறந்த வள்ளல்'. வள்ளல் என்றால் வாங்காமல் கொடுப்பவர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். செமஸ்டருக்கு எவ்வளவு கட்டினீர்கள்? மூன்றாவது பத்தி கல்லூரியின் இணையதளத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்தது, அது தனியாகக் காப்புரிமைத் தகராறு. எல்லாம் போகட்டும். விடுதிச் சாப்பாட்டுக்காக மாணவர்கள் மறியல் செய்ததைப் பற்றி இரண்டு வரி இருந்தது, நாளிதழ்ச் செய்தியின் சான்றோடு. உங்கள் திருத்தத்தில் அதைக் காணோம். கேள்வியில் அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

நலமுரண் என்பது அகராதிக்காரர்களின் சொல். நம் ஜனங்களுக்குப் புரிகிற சொல் வில்லங்கம். ஊரில் மனை வாங்கப் போனால் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோம். மனை அடமானத்தில் இருப்பது குற்றமா? இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவன் யோசித்துக்கொள்வான். மறைத்து விற்றால்தான் கோர்ட்டு, கேஸ்.

இந்த இடத்தில் எனக்கு நன்னூல் ஞாபகம் வருகிறது. (எதைக் கேட்டாலும் எனக்கு நன்னூல் ஞாபகம் வருகிறது என்று பிடோக் வாசகி ஒருவர் குறைப்பட்டிருந்தார். அம்மா, இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரை, பாட உரியவர் யார் யார் என்று நன்னூலை எழுதிய பவணந்தியார் பட்டியல் தருகிறார். நூலாசிரியரின் குரு, கூடப் படித்தவர், அவருடைய மாணவர், உரைகாரர். நாலு பேருக்கும் வில்லங்கம்! விக்கிப்பீடியா யாரையெல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறதோ, அவர்களையே நன்னூல் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. 'தன்னொடு கற்றோன்' என்று இரண்டாவது இடத்தில் நிற்பவர் சாட்சாத் நீங்கள்தான்.

பாயிரத்தில் அது சரி. அது நூலுக்கு வெளியே, வாசலில் நிற்கிறது. பாடியவர் யார், அவருக்கு நூலாசிரியர் என்ன வேண்டும் என்பது படிக்கிறவனுக்குத் தெரியும். நன்னூலின் பாயிரமே, சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் செய்த நூல் இது என்று போட்டு உடைத்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில்! காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் யாரிடம் வாங்குகிறார் என்று அறிவித்தே ஆக வேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதியில் சேர்த்தது 2014இல்.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் அதே நன்னூல் சொல்கிறது. அப்புறம் நாலு விதிவிலக்கும் கொடுக்கிறது. அதில் ஒன்று, தன் ஆற்றலை உணராதவர்களிடம் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது. நம் கவிஞர்கள் நன்னூல் முழுவதிலும் மனப்பாடம் செய்திருப்பது இந்த ஒரு வரியைத்தான். இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அவருடைய கவிதைத் தொகுப்பு வந்த மாதம், 'ஒரு வாசகர்' என்ற பெயரில் பாராட்டுரை ஒன்று நமக்கு வந்தது. தொகுப்பில் ஏழு இடத்தில் 'சுவற்றில்' என்று இருந்தது. பாராட்டுரையில் மூன்று இடத்தில் 'சுவற்றில்'. சுவர், சுவரில். கிணறு, கிணற்றில். இதைப் பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன், கேட்பார் இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அவர் மாட்டியிருக்க மாட்டார். விக்கிப்பீடியாவில் ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் வந்தால் 'கைப்பாவை' என்பார்கள். அவர்களும் பல சமயம் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள், நடையையும் பிழையையும் வைத்து.

தனக்குத் தானே எழுதிக்கொள்வதில் பெரிய ஆள், சின்ன ஆள் கிடையாது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே தன்னைப் பற்றிய கட்டுரையில் கை வைத்து 2005இல் மாட்டிக்கொண்டார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று காட்டும் விவரங்களை மாற்றியிருந்தார். விஷயம் வெளியே வந்ததும் வருத்தம் தெரிவித்தார்.

'நம்ம' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கேயே உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் வயதை 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. இப்போதைய பெயர் வந்ததோ 1980இல், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்தபோது. ஆனால் பழைய நன்யாங் பட்டதாரிகளின் பதிவேடு 1996இல் போய்ச் சேர்ந்தது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திடம். அப்படியானால் ஜூரோங்கில் இருந்த அந்தப் பழைய நன்யாங் யாருடைய 'நம்ம'? இரண்டு பக்கத்துக்காரர்களையும் கட்டுரையில் எழுத விட்டால் கோப்பிக் கடை மூடும் வரை முடியாது. எந்த ஆண்டில் எது நடந்தது என்று மட்டும் வெளியாள் ஒருவர் எழுதிவிட்டால் நாலு வரியில் முடிந்தது.

இனி நீங்கள் கேட்டது. அங்கே படித்தவர் என்பதாலேயே உங்களைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் செயலாளர், சங்கத்தின் பெயரைப் பரப்புவது உங்கள் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் செயற்குழுவில் ஆண்டு விழாச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பொருளாளரின் மைத்துனர் கேட்டரிங் வைத்திருக்கிறார். பொருளாளர் விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார். உள்ளே விலைகளைப் பார்த்து முடிவு செய்தார்கள். (மைத்துனருக்கே கிடைத்தது. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.) நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். உங்கள் பயனர் பக்கத்தில் நான் இன்னார் என்று எழுதுங்கள். கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குப் போய், இந்த விவரம் தவறு, இதோ நாளிதழ்ச் செய்தி, மாற்றுவீர்களா என்று கேட்டுவிட்டு வெளியே நில்லுங்கள். கல்லூரிக் கையேட்டை மட்டும் சான்றாகக் காட்டினால் போதாது, அதுவும் உங்கள் வீட்டு ஆள் எழுதியதுதான். எழுத்துப்பிழை, யாராவது விஷமத்துக்குக் கிறுக்கியது, இவற்றையெல்லாம் நீங்களே சரிசெய்யலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாலு நல்ல படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். படத்துக்கு அடைமொழி கிடையாது. 'வள்ளல்' எல்லாம் உங்கள் வெள்ளிவிழா மலருக்கு ஆகட்டும்.

விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய அந்த இரண்டு வரியை மட்டும் இனித் தொடாதீர்கள். இதில் எனக்கு வேடிக்கை இல்லை. இந்தியாவின் தனியார் மேலாண்மைக் கல்லூரி ஒன்றின் கட்டுரையை ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவரே வருடக்கணக்கில் அதற்குச் சாதகமாக வளைத்துக்கொண்டிருந்தார். 2015இல் நடுவர் குழு அவருடைய அதிகாரத்தைப் பறித்துத் தடை செய்தது. அதற்குள் எத்தனை அப்பாக்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார்களோ. உங்கள் கல்லூரியின் கட்டுரையை நீங்களும் உங்கள் பேட்ச் நண்பர்களும் படிக்கப் போவதில்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பையன்தான் படிப்பான். விடுதியில் என்ன சாப்பாடு என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

பின்குறிப்பு: இந்தப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்த என் மனைவி, 'ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அவருடைய தம்பி மகள் அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாளாம். இன்னொன்றும் ஞாபகப்படுத்தினார். போன தீபாவளி இதழில் உங்கள் சங்கத்தின் அரைப்பக்க விளம்பரம் வந்தது. பில் இன்னும் பாக்கி.