பாரிஸில் பிறப்புச் சான்றிதழ்: எந்த மேரிக்குப் போவது?

பாரிஸ் 18-ஆம் வட்டாரத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நானும் கணவரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். எங்கள் இருவருடைய பிறப்புச் சான்றிதழும் மகளுடையதும் வேண்டுமாம். கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இங்கே அகதி நிலை பெற்றவர். மகள் லாரிபுவாசியேர் வைத்தியசாலையில் பிறந்தவள். நகர நடுவிலுள்ள பெரிய மேரிக்கு (நகரசபை அலுவலகத்துக்கு) போனோம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவர் மூன்றையும் எடுத்துத்தர 240 யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். மகளுடைய சான்றிதழும் கணவருடைய சான்றிதழும் அரசு இலவசமாகவே தருபவை. உங்களுடையதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில், உங்களைத் திருப்பி அனுப்பிய கட்டடம். அது ஓத்தெல் து வீல், பாரிஸ் நகரசபையின் தலைமையகம். நகர முதல்வரும் 163 உறுப்பினர்கள் கொண்ட பாரிஸ் சபையும் இருக்கும் இடம். வரவு செலவு, வீதி, வீட்டுத் திட்டம் என்று நகரம் முழுவதற்கும் அங்கேதான் முடிவெடுக்கிறார்கள். இலவசக் கண்காட்சி நடந்தால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். சான்றிதழ் கொடுக்கும் ஜன்னல் மட்டும் அங்கே இல்லை. பாரிஸுக்கு 20 வட்டாரங்கள். முதல் நான்கையும் 2020இல் ஒரே மேரியின் கீழ் கொண்டுவந்ததால் இப்போது வட்டார மேரிகள் 17. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவெல்லாம் இவற்றின் வேலை.

எந்த வட்டார மேரி? இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வசிக்கும் வட்டாரம் அல்ல, பிள்ளை பிறந்த வட்டாரம். லாரிபுவாசியேர் இருப்பது 10-ஆம் வட்டாரத்தில். ஆகவே உங்களுக்கு 10-ஆம் வட்டார மேரிதான். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் மரக்கறி வாங்கும் ஃபோபூர் சான் தெனி வீதியில் கடைகளைத் தாண்டித் தெற்கே நடந்தால், பக்கத்து ஃபோபூர் சான் மார்த்தான் வீதியின் 72-ஆம் இலக்கத்தில் அது நிற்கிறது. அவ்வளவு தூரம்கூட நடக்க வேண்டாம். நகரசபையின் இணையதளத்திலேயே கேட்கலாம், தபாலில் வீட்டுக்கு வரும். “கோப்பி ஆந்தெக்ரால்”, அதாவது முழுப்படி என்று கேளுங்கள். சுருக்கப்படியை அனுப்பினால் கோப்பு திரும்பி வரும்.

தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களை நம்பாதீர்கள். நீலம், வெள்ளை, சிவப்பு நிறம் பூசி, அரசுத் தளம் போலவே இருந்து, கடைசிப் பக்கத்தில் வங்கி அட்டை எண் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழுக்காக அட்டை எண் கேட்கும் எந்தத் தளமும் உங்களுக்குரியதல்ல, மூடிவிடுங்கள். அந்த 240 யூரோக்காரரும் இதே இலவசப் படிவத்தைத்தான் தன் கைபேசியில் நிரப்பப் போகிறார். அதோடு போகாமல் உங்கள் அடையாள அட்டையின் படம், முகவரி, பிள்ளையின் விவரம் எல்லாவற்றையும் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

இன்னொரு வகை, “மேரியில் எனக்கு ஆள் இருக்கு, கார்ட் அலுவலையும் முடித்துத் தாறேன்” என்பவர்கள். நகர முதல்வரே நினைத்தாலும் வதிவிட அட்டை தர முடியாது. அட்டையும் குடியுரிமைக் கோப்பும் பாரிஸில் பொலிஸ் பிரிபெக்சருடையவை, அதாவது பொலிஸ் பிரிபெக்டின் அலுவலகத்துடையவை. பிரிபெக்ட் அரசு நியமிக்கும் அதிகாரி, நகரசபைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அந்தப் பதவியை 1800இல் நெப்போலியன் உருவாக்கினார். 1871 முதல் 1977 வரை பாரிஸுக்கு நகர முதல்வரே கிடையாது, பிரிபெக்டுகள்தான் ஆண்டார்கள். அந்தப் பழைய பிடி இன்னும் முழுதாகத் தளரவில்லை. எனவே மேரிக்காரரோடு எடுத்த படத்தைக் காட்டிக் காசு கேட்பவருக்கு குடிக்க ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ரந்தேவூ, அதாவது சந்திப்பு நேரம் விற்பவர்களும் அப்படித்தான். குடியுரிமை விண்ணப்பம் போடுவது இணையத்தில், நேர்காணலுக்குப் பிரிபெக்சரே அழைக்கும். வாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. அட்டைக்கான ரந்தேவூக்களைச் சிலர் விலைக்கு விற்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்க “இடமில்லை” என்றே காட்டும் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, மாற்று வழியும் காட்டாமல், அந்தச் சந்தையைத் திறந்துவிட்டது யார்?

இனிக் கணவருடையது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அகதி நிலை உள்ளவருக்குப் பிறப்புச் சான்றிதழ் தருவது மேரியும் அல்ல, இலங்கைத் தூதரகமும் அல்ல, ஒவ்ப்ரா எனப்படும் பிரெஞ்சு அகதிகள் அலுவலகம். அவர் தஞ்சம் கேட்டபோது சொன்ன, எழுதிக் கொடுத்த விவரங்களை வைத்து ஒவ்ப்ரா தரும் சான்றிதழுக்குப் பிரான்ஸில் பதிவுப் பத்திரத்துக்குரிய அதே மதிப்பு உண்டு. இணையத்தில் கேட்கலாம், காசு இல்லை. தரகர்கள் “கொழும்பிலிருந்து எடுத்துத் தாறேன், கெதியாக வரும்” என்பார்கள். வேண்டவே வேண்டாம். அதில் பெயர் எழுத்தோ திகதியோ ஒவ்ப்ராவில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் குடியுரிமைக் கோப்பே சிக்கும். தூதரகத்தை அணுகுவதோ, அதைவிட மோசம்: எந்த நாட்டுக்குப் பயந்து வந்தாரோ அதன் பாதுகாப்பை மறுபடி நாடுகிறார் என்று அகதி நிலையையே கேள்விக்குள்ளாக்கலாம். ஒவ்ப்ராச் சான்றிதழில் பிழை கண்டால் முதலில் ஒவ்ப்ராவுக்கே எழுதுங்கள். குடியுரிமை கிடைத்த பிறகு அவருடைய பதிவு நாந்த் நகரிலுள்ள மத்திய பதிவகத்துக்குப் போய்விடும். அதன்பின் எந்தப் படிக்கும் நாந்த்தான்.

உங்களுக்கும் அகதி நிலை இருந்தால் உங்களுடையதும் ஒவ்ப்ராதான். கணவர் கூப்பிட்டுச் சாதாரணக் குடும்ப விசாவில் வந்து, பிறகும் அகதி நிலை எடுக்கவில்லை என்றால், ஊர்ப் பிறப்புப் பத்திரமும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சுப் படியும் வேண்டும். மூன்றிலும் நியாயமாகக் காசு செலவாகும் இடம் இதுதான். மொழிபெயர்ப்பாளரை மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் தேடுங்கள், கடை வாசல் நோட்டீஸில் அல்ல.

“என்னிடம் மகளின் பழைய படி இருக்கிறதே” என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். புதிதாகவே எடுங்கள். பல அலுவல்களுக்கு மூன்று மாதத்துக்குட்பட்ட படிதான் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கொரு தடவை பிள்ளை திரும்பப் பிறக்கிறதா என்று கேட்கத் தோன்றும். ஓரத்தில் திருமணம், விவாகரத்து போன்ற குறிப்புகள் ஏறியிருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சிறு பிள்ளைக்கு என்ன விவாகரத்தோ!

ஆனால் பதிவேடுகளை இவ்வளவு இறுகப் பிடிப்பதற்கு ஒரு பழைய வடு உண்டு. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி ஆட்சியின் கடைசி நாட்களில் ஓத்தெல் து வீல் எரிந்தது. இன்று நீங்கள் பார்த்தது அதன்பின் திரும்பக் கட்டியது. அதே தீயில், 1860க்கு முந்தைய பாரிஸ் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் ஒரு படி போனது. இரண்டாவது படி நீதிமன்ற மாளிகையில் இருந்தது, அதுவும் எரிந்தது. பின்னர் மீட்டு எழுத முடிந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான்.

சரி, வரிசை இது: ஒவ்ப்ராவிடம் இன்றைக்கே கேளுங்கள், அதற்குத்தான் நாள் எடுக்கும். அது கைக்கு வந்த பிறகு மகளின் படியைக் கேளுங்கள். முன்கூட்டியே எடுத்தால் கோப்பு அனுப்புவதற்குள் அதன் மூன்று மாதம் ஓடிவிடும்.