சத்து மாத்திரை கிருமிக்குத் தீனியா?

அன்புள்ள சார்,

என் அப்பாவுக்கு 62 வயது. நுரையீரலில் டி.பி. என்று ஒன்றரை மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு சின்னதாக ஒரு பி6 மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அத்தை, "சத்து மாத்திரை போட்டா உள்ள இருக்கற கிருமியும்தானே சேர்ந்து தின்னு கொழுக்கும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அப்பா அதை மட்டும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. இப்போது ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது என்கிறார். கிருமிக்கும் வைட்டமின் வேண்டுமா? சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதும் அந்த மாத்திரையால்தான் என்கிறார் அத்தை, அது சரியா?

செல்வி, திண்டுக்கல்

அன்புள்ள செல்வி,

மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் அப்பாவுக்கு மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போன் செய்து இரண்டு விஷயம் சொல்லுங்கள்: பி6 நின்று மூன்று வாரம் ஆகிறது, கால் எரிகிறது. சர்க்கரை இருந்தாலும் கால் எரியும், அதனால் ரத்தச் சர்க்கரை பார்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். டி.பி. மாத்திரையில் ஒன்றைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை, லேபில் பிளேட் பார்த்தே காலம் கழித்தவன், எனவே மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை அவர்களுடையது.

சரி, இப்போது அத்தைக்கு வருவோம். அவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. அடுத்தவன் வைட்டமினில் பிழைக்கும் கிருமிகள் நிஜமாகவே இருக்கின்றன, அவற்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா என்று ஒரு பாக்டீரியா. குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவருவது, பென்டாவேலன்ட் தடுப்பூசியில் ஐந்தில் ஒன்று இதன் பி வகைக்காகத்தான். பெயரில் இன்ஃப்ளூயன்ஸா இருக்கிறதே தவிர ஃப்ளூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று நினைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இதை ஆட்டு ரத்தம் கலந்த அகார் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டு) தேய்த்து வைத்தால் மறுநாள் காலை பிளேட் கழுவித் துடைத்தாற்போல இருக்கும், ஒன்றும் முளைக்காது. அதே பிளேட்டில் குறுக்கே ஒரே ஒரு கோடு ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை இழுத்துவிட்டால் கதை மாறும். மறுநாள் அந்தக் கோடு தடிமனாக வளர்ந்திருக்கும், அதன் இரண்டு கரையிலும் பனித்துளி மாதிரி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற சின்னச் சின்னப் புள்ளிகளாக ஹீமோஃபிலஸ் உட்கார்ந்திருக்கும். கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் மறுபடியும் வெறும் பிளேட். முதல் தடவை பார்த்தபோது, கல்யாணப் பந்தி ஓரத்தில் கூடும் காக்கைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

அதற்கு வேண்டியது என்.ஏ.டி. என்ற பொருள். நம் உடம்பு பி3 வைட்டமினை வைத்து அதைச் செய்துகொள்ளும். ஹீமோஃபிலஸால் அது முடியாது, பி3ஐ அப்படியே கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, முக்கால்வாசி சமைத்தாவது கையில் தரவேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் தன்னைச் சுற்றிக் கசியவிடுவதைப் பொறுக்கித்தான் அந்தக் கரையோர வாழ்க்கை. 1921இல் தியோட்டாவும் ஏவரியும் இது வைட்டமின் போல ஏதோ ஒன்று என்று கண்டு 'வி' என்று பெயர் வைத்தார்கள், அது என்.ஏ.டி.யின் வேலை என்று லுவோஃப் தம்பதி காட்டியது 1937இல். (டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று 1944இல் சொன்னவர்களில் ஒருவரும் இதே ஏவரிதான்.)

ஆனால் டி.பி. கிருமி இந்தச் சாதி இல்லை. அது தனிக்குடித்தனம், சொந்த அடுப்பு. பி6ஐத் தானே செய்துகொள்ளும். பயோட்டின் என்ற இன்னொரு வைட்டமினையும் தானே செய்துகொள்ளும், வெளியிலிருந்து பயோட்டினை உள்ளே இழுக்கும் வாசல்கூட அதற்கு இல்லை. அந்த பயோட்டின் இல்லாமல் அது மேலே போர்த்தியிருக்கும் மெழுகுப் போர்வையை நெய்ய முடியாது, அந்தப் போர்வைதான் அதன் பலம். பி6 விஷயத்தில் அத்தையின் கேள்விக்கு நேரான பதிலே ஆய்வில் கிடைத்திருக்கிறது. பி6 தயாரிக்கும் மரபணுவை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கிருமியை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் உடம்பில் பி6 இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் கிருமியால் அங்கே தாக்குப்பிடிக்க முடியவில்லை. சுற்றியிருக்கிற பி6 அதன் பசிக்குக் காணவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். அப்பா சாப்பிடும் அந்தச் சின்ன மாத்திரையைத் தின்று கிருமி கொழுக்கும் என்ற பயத்தை விட்டுவிடலாம்.

கிருமிக்கும் வைட்டமினுக்கும் உள்ள இந்த உறவு நமக்குக் கெடுதலாக முடிந்ததைவிட உபகாரமாக முடிந்ததுதான் அதிகம் என்பேன். நாம் ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலும் பருப்பிலும் சாப்பிட்டு எடுத்துக்கொள்கிறோம், நம்மால் அதைத் தயாரிக்க முடியாது. பல பாக்டீரியாக்கள் நேர்மாறு, தயாரித்தே ஆகவேண்டும். சல்ஃபா மருந்துகள் அந்தத் தயாரிப்பில் போய்க் குறுக்கே படுக்கின்றன, நமக்கு அந்த அடுப்பே இல்லை என்பதால் நாம் தப்பிக்கிறோம். பழைய டி.பி. மருந்தான பி.ஏ.எஸ். இன்னும் தந்திரசாலி. ஃபோலிக் அமிலத்துக்கான மூலப்பொருள் மாதிரியே வேஷம் போட்டு உள்ளே போகும், கிருமியும் அசலென்று நம்பி அதை வைத்துச் சமைத்துவிடும், வருவதோ போலிச் சரக்கு.

உங்கள் அப்பாவின் மாத்திரைகளும் இந்த வம்சம்தான், இதை அத்தையிடம் அவசியம் சொல்லுங்கள். 1945இல் பிரான்சில் ஷோரீன் என்பவர் நிகோடினமைடு, அதாவது சாட்சாத் பி3 வைட்டமினே, டி.பி. கிருமியை அடக்குகிறது என்று கவனித்தார். அந்த மூலக்கூறை அங்கே இங்கே மாற்றி மாற்றிப் பார்த்ததில்தான் ஐசோநியாசிடும் பைரசினமைடும் டி.பி. மருந்துகளாக வந்தன, இரண்டும் 1952 வாக்கில். பைரசினமைடு பார்க்க பி3 மாதிரியே இருக்கும். பி3ஐ மறுபடி பயன்படுத்துவதற்காகக் கிருமி ஒரு நொதி வைத்திருக்கிறது, அதே நொதி ஆள் தெரியாமல் பைரசினமைடையும் உடைத்து விஷமாக்கிக் கொள்ளும். அந்த நொதி கெட்டுப்போன கிருமியிடம் இந்த மருந்து எடுபடாது. மாட்டு டி.பி. கிருமியில் அது பிறவியிலேயே கெட்டிருக்கிறது, ஆகவே அதற்கு பைரசினமைடு கொடுத்துப் பயனில்லை.

அப்படியானால் அப்பாவுக்கு எதற்கு பி6? ஐசோநியாசிட் கிருமியோடு நிற்பதில்லை, அதுதான் சிக்கல். நம் உடம்பில் இருக்கும் பி6ஐயும் பிடித்துக்கொண்டு சிறுநீரில் கூட்டிப்போய்விடும். பி6 குறைந்தால் முதலில் அடிவாங்குவது நரம்பு, அதிலும் உள்ளங்கால். எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போல இருக்கும். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், குடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை, வழக்கமாக 10 மில்லிகிராம்.

இதைப் பிரித்தறிந்து சொன்னதில் நம் சென்னை சேத்துப்பட்டுக்கும் பங்கு உண்டு. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், டி.பி. நோயாளியை சானடோரியத்தில் படுக்கப் போடவேண்டியதில்லை, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. அப்போது கொடுத்தது ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும்தான். ஐசோநியாசிடால் வரும் நரம்புக் கோளாறைப் பற்றி அதே மையம் 1963இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சில மில்லிகிராம் பி6 கொடுத்தாலே அதைத் தடுத்துவிடலாம் என்று அதில் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். அளவு குறைவாகத்தான் இருக்கவேண்டும். எரிச்சல் சீக்கிரம் போகட்டும் என்று கடையில் நூறு மில்லிகிராம் மாத்திரையாக வாங்கி மாதக்கணக்கில் போடவேண்டாம், பி6 மிஞ்சினாலும் நரம்பு கெடும், அப்போதும் கால்தான் மரத்துப்போகும்.

ஆரஞ்சு நிறத்தை மறந்தேவிட்டேன். அது பி6 வேலை இல்லை, ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு டி.பி. மருந்தின் வேலை. கண்ணீர், வியர்வைகூட அந்த நிறத்தில் வரலாம், வெள்ளை பனியன் போட்டால் அக்குளில் கறை தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்துக்குப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அது கல்லீரல் சமாச்சாரம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.